ஒரு ஜோடி மிச்சம்

எங்கள் வீட்டில் நாலு பேர். வாசலில் ஐந்து ஜோடிச் செருப்புகள். ஐந்தாவது ஜோடி நீல வார் போட்ட ரப்பர் செருப்பு, எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கான அளவு. என் கடைசிப் பிள்ளையே காலேஜுக்குப் போகிறான். சிலிண்டர் போடும் பையனிலிருந்து பெண் பார்க்க வந்த சம்பந்தி வரைக்கும் எல்லோரும் கேட்டுவிட்டார்கள், "வூட்ல சின்னக் கொயந்த கீதா?" என்று. இல்லை என்பேன். யாராவது மறந்து விட்டுப் போனதா என்பார்கள். அதுவும் இல்லை என்பேன். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. கிளம்பும்போது மட்டும் அந்தச் செருப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று தங்கள் செருப்பை மாட்டிக்கொள்கிறார்கள்.

எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு. எந்த வாசலில் செருப்புகள் கிடந்தாலும் எண்ணிவிடுவேன். போன வைகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கரண்ட் போய்விட்டு வந்தது. எல்லோரும் பந்திக்கு ஓட, நான் மட்டும் வாசலில் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"இன்னா சார், சைஸ் பாத்துகினு கீறியா?"

"எண்ணிகினு கீறேங்க" என்றேன். உண்மையைச் சொல்லி அந்த அளவுக்கு நான் மாட்டிக்கொண்டதே இல்லை. என் மனைவி வந்து, "அவருக்குக் கொஞ்சம் அப்படி" என்று நெற்றிப்பொட்டில் விரலைச் சுற்றிக் காட்டி மீட்டுக்கொண்டு போனாள்.

எல்லாம் அரிசி மில் அக்காவால் வந்தது.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். மில்லில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட இருபது வயது மூத்த முதலாளியும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். மெலிந்த உடம்பு, முழங்கைவரை தவிட்டுத் தூள், புடவையை முன்னால் இழுத்து இறுக்கிச் செருகியிருப்பார். தலைமுடியை ஒரு துணியால் கட்டியிருப்பார். சிந்தின நெல்லைக் கூட்டி அள்ளுவதுதான் வேலை. ஆனால் அவர் "போடு" என்று சொல்லாமல் அந்த மில்லில் மோட்டார் ஓடாது.

அரிசி மில்லுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. தானியம் கிடக்கிற இடம். அதனால் எந்த மில்லுக்குப் போனாலும் வாசலில் செருப்பு வரிசை இருக்கும். எங்கள் மில்லில் அந்த வரிசைதான் ஆஜர் பட்டியல். கரண்ட் போனால் எல்லோரும் வெளியே வந்து, அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு, நெல் காயப்போடும் களத்துப் பக்கம் போய் நிற்க வேண்டும். கரண்ட் வந்ததும் அக்கா வாசலைப் பார்ப்பார். ஒரே ஒரு ஜோடி மட்டும் மிச்சம் இருக்க வேண்டும். நீல வார் போட்ட சின்னப்பிள்ளைச் செருப்பு. அதை யாரும் போட்டு யாரும் பார்த்ததில்லை. அது தவிர இன்னொன்று கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

அதோடு முடியாது. உள்ளே போய், நெல்லை மேலே தூக்கிக்கொண்டு போகும் எலிவேட்டரின் தகரக் கூண்டில் வாயை ஒட்டிவைத்துக் கூப்பிடுவார்.

"செருப்பு இல்லாம வந்தவங்க யாருனா கீறீங்களா? வெளிய வந்துடுங்க."

அந்தக் கூண்டு மூன்று மாடி உயரம். கீழே அக்கா குரலாக நுழைவது மேலே கூரையடியில் வேறு யாருடைய குரலாகவோ கேட்கும். அது முழுக்க அடங்கும்வரை காதைத் தகரத்தில் வைத்திருப்பார். அப்புறம் வெளியே வந்து, ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் என் மாமாவிடம் சொல்வார்: "ஒண்ணு மிச்சம். போடு."

மாமா என்றால் அம்மாவின் தம்பி, மில்லின் ஆப்பரேட்டர். அவர் பச்சைப் பொத்தானை அமுக்குவார். காலுக்குக் கீழே தரை ஒருமுறை உதறிக்கொள்ளும்.

அக்காவுக்கு முகங்கள் நினைவிருக்காது. கால்தான். யாரைப் பற்றிப் பேசினாலும், "யாரு, எடது குதிங்கால் தேஞ்சவனா?", "கட்ட வெரல்ல வாரு அறுத்துக்கறவனா?" என்றுதான் கேட்பார். ஒருநாள் கண்ணமங்கலத்திலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த மூட்டைக்காரர் ஒருவர், கரண்ட் போன நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். போனவர் தன் செருப்பை விட்டுவிட்டு வேறு எதையோ மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். கரண்ட் வந்தபோது வாசலில் இரண்டு ஜோடி. அக்கா வாசற்படியில் குறுக்காக உட்கார்ந்துவிட்டார். முதலாளி வந்து கத்தினார்.

"அக்கா, பாய்லர்ல ஸ்டீம் ஏறி நிக்குது. அவன் வூட்டுக்குப் போயிருப்பான்."

"போயிருப்பாங்க. ஆள காட்டுங்க, போடறேன்."

"இன்னா பேஜாரா போச்சு. செருப்பு மாறிப் போயிருக்கும்மா."

"காட்டுங்க."

மூன்று மணி நேரம் மில் நின்றது. ஒருவன் சைக்கிளில் கண்ணமங்கலம்வரை மிதித்துப் போய் ஆளைக் கூட்டிவந்தான். வந்தவர் காலில் முதலாளியின் புதுத் தோல் செருப்பு. முதலாளி அதுவரை தன் காலைப் பார்த்துக்கொள்ளவே இல்லை, வெறுங்காலோடு நின்று கத்தியிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மூட்டைக்காரரின் கால் இரண்டையும் பார்த்தார், எழுந்தார், "ஒண்ணு மிச்சம். போடு" என்றார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் அப்போது ஐந்தாவது படித்தேன். லீவு நாளில் மாமாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துக்கொண்டு போவது என் வேலை. அந்த வேலைக்காக நான் எந்த லீவையும் விட்டுக்கொடுத்திருப்பேன். எங்கள் வீட்டில் மெஷின் என்றால் தறிதான். மரமும் கயிறும். அப்பா நெய்தால் அதிகபட்சம் டக்கு டக்கு என்று சத்தம் வரும், பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்திருக்காது. மில்லோ வேறு உலகம். ஆள் அகல பெல்ட்டுகள் கூரைக்கும் தரைக்குமாக ஓடும். கட்டில் அளவு சல்லடைகள் ஜுரம் வந்ததுபோல உதறும். நெல் சுவருக்குள்ளேயே மேலே ஏறிப் போகும், எங்கேயோ பிரியும், உமி ஒரு வழி தவிடு ஒரு வழி போய், கடைசியில் ஒரு தகர வாயிலிருந்து வெள்ளையாகக் கொட்டும். நடுவில் யாருமே அதைத் தொடுவதில்லை. வாயைத் திறந்துகொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்து துப்பினால் தவிடு வரும்.

என்னைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றுதான். இவ்வளவையும் மிதிப்பது யார்?

தறிக்காரன் பிள்ளைக்குத்தான் இப்படி ஒரு சந்தேகம் வரும். எங்கள் வீட்டில் தறிக்கு அடியில் குழி. குழிக்குள் அப்பாவின் கால். கால் மிதித்தால்தான் மேலே எல்லாம் அசையும். குழிக்குள் கால் இல்லையென்றால் தறி வெறும் மரச்சாமான். மில்லிலும் குழி இருக்கிறது என்று மாமா ஒருநாள் சொன்னார். எலிவேட்டரின் அடிப்பாகம் அதில்தான் இருக்கிறதாம். "அந்தாண்ட மட்டும் போவாத மாப்ள, குழி கீது." கரண்ட், மோட்டார் என்று அவர் சொன்னதெல்லாம் எனக்குச் சமாதானமாகவில்லை. குழி என்று ஒன்று இருந்தால் அதற்குள் ஒரு ஜோடிக் கால் இருந்தாக வேண்டும்.

அந்தக் காலுக்கு உரியவர் செருப்பை எங்கே விட்டிருப்பார்? மற்ற எல்லோரையும் போல வாசலில்தான். வாசலில் யாரும் போடாத ஜோடி எது? என் மூளை அந்த வயதில் அவ்வளவு கூர்மை. பிற்பாடு அப்படி இருந்ததில்லை.

எனக்குப் பயம் தந்தது அந்தச் செருப்பின் அளவு. இவ்வளவு பெரிய மில்லை ஒரு சின்னப் பையன் மிதிக்கிறான். எல்லோரும் வெளியே வரும்போதும் அவன் மட்டும் வருவதில்லை. அதனால்தான் அக்கா தினமும் தகரத்தில் வாய் வைத்து அவனைக் கூப்பிடுகிறார். அவன் வராததால் வெளியே வந்து "ஒண்ணு மிச்சம்" என்கிறார். வருஷா வருஷம் தீபாவளிக்கு அக்கா பழைய ஜோடியை எடுத்துவிட்டுப் புது ஜோடி வைப்பார். எங்கள் கால்கள் எல்லாம் வளர்ந்தன. அந்தச் செருப்பு மட்டும் வளரவே இல்லை.

இன்னொன்றும் பார்த்திருந்தேன். ஒருமுறை கரண்ட் போய் எல்லாம் அடங்கிய பிறகு, மேலே இருந்த பெரிய இரும்புச் சக்கரம் தானாக, மெதுவாக, பின்பக்கமாகச் சுற்றியது. கால் சுற்று. நின்றது. இன்னும் கொஞ்சம் சுற்றியது. நான் அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏறின நெல்லு வெயிட்டுக்கு எறங்குது. அவ்ளோதான்" என்றார். சொல்லிவிட்டு, சக்கரத்தைப் பார்க்காமல் குழி இருந்த பக்கம் பார்த்தார்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. மில்லில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான். ஒன்பது வயது. அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவன், கரண்ட் இல்லாத நேரத்தில், சிந்தின நெல்லை அள்ளித் தரலாம் என்று குழிக்குள் இறங்கியிருக்கிறான். கரண்ட் வந்தபோது வாசலைப் பார்த்து, "எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, போடு" என்று சொன்னது அக்காதான். வாசலில் ஒரு செருப்பும் இல்லை. அவனுக்குச் செருப்பே கிடையாது. நான் சொல்லப்போகும் நாளுக்குப் பதினோரு வருஷம் முன்னால்.

அன்று மழை. வழியில் என் செருப்பின் வார் அறுந்து, அதை ஒரு வேலியில் வீசிவிட்டு, வெறுங்காலோடு போய்ச் சேர்ந்தேன். கரண்ட் இல்லை. மாமாவும் மற்றவர்களும் எதிர்ப்பக்கம் டீக்கடையில். அக்கா பாய்லர் பக்கம் இருந்திருக்க வேண்டும். வாசலில் ஒரு ஜோடி மட்டும். நீல வார்.

கேரியரை ஓரமாக வைத்தேன். குழிக்குள் மிதிக்கிறவன் என்னைவிடப் பெரியவனா சின்னவனா என்று தெரிந்துகொள்ள வேண்டும். காலை விட்டுப் பார்த்தேன். அளவெடுத்ததுபோல இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்ல பிள்ளை. களத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் சளக் சளக்கென்று இரண்டு நடை நடந்துவிட்டு வந்து, இருந்த இடத்திலேயே, இருந்ததுபோலவே ஒட்டிவைத்தேன். பிறகு வெறுங்காலோடு உள்ளே போனேன்.

ஓடாத மில்லில் நீங்கள் நின்றிருக்கிறீர்களா? கூரைக் கண்ணாடியிலிருந்து வரும் வெளிச்சத்தில் தூசு மட்டும் அசையும். எங்கோ ஒரு குழாய்க்குள் நாலு நெல் உருண்டு விழும். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் இரண்டு. குழிக்கு ஐந்து படி இரும்பு ஏணி. இறங்கினேன். எலிவேட்டரின் அடியில் ஒரு பலகை அளவு தகர மூடி. நகர்த்தினேன். உள்ளே இருட்டு. எட்டிப் பார்த்தால் தெரியவில்லை, அதனால் கையை முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினேன். ஒரு கால் கையில் பட்டது.

இப்போது தெரியும், அது நெல் அள்ளும் பக்கெட்டின் விளிம்பு. குதிங்கால்போல வளைந்திருக்கும், எண்ணெய்ப் பிசுக்கோடு சில்லென்று இருக்கும். அன்று எனக்கு அது கால். கையை இழுத்தேன். வரவில்லை. முழுக்கைச் சட்டை எதிலோ மாட்டிக்கொண்டிருந்தது. அவன்தான் பிடித்துக்கொண்டான் என்று எனக்குப் பட்டது.

அப்போது தலைக்குமேல் பல்பு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது.

நான் கத்தியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் பயந்தால் சத்தம் மேலே வராது, கீழேதான் போகும். டிராயர் நனைந்தது. வெளியே ஆட்கள் வந்து நிற்கும் அரவம். மாமாவின் குரல்.

"இன்னாக்கா, ஒண்ணு மிச்சம்தானே? போடலாமா?"

ரப்பர் செருப்பு ஒன்றைத் தரையிலிருந்து எடுத்துத் தட்டும் சத்தம்.

"அக்கா, ஜல்தி. கரண்டு திரும்பப் போயிடப் போவுது."

"இது நனைஞ்சி கீது" என்றார் அக்கா.

"மழ பெய்யுதுல்ல. சாரல் அடிச்சிருக்கும்."

"தரை காஞ்சி கீது. உள்பக்கம் நனைஞ்சி கீது. வெரலு அஞ்சும் தெரியுது பாரு."

எனக்கு எல்லாம் கேட்டது. கத்த மட்டும் முடியவில்லை. பிறகு வெறுங்கால் ஒன்று வேகமாக உள்ளே வரும் சத்தம். தகரக் கூண்டில் யாரோ கையை வைத்தது என் கன்னம்வரை அதிர்ந்தது. வழக்கமான அந்த வாசகம் வரவில்லை. அக்கா ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் பெயர் இல்லை. அதுவரை மில்லில் கேட்டிராத பெயர். அதை இங்கே எழுதமாட்டேன்.

"கண்ணு, வந்துட்டியா?" என்றார். "அக்காதான். செருப்பு புட்சிருக்கா? சரியா இருந்துச்சா?"

அந்தக் குரல் தகரத்துக்குள் என் தலைக்குமேல் ஏறிப்போய், கூரையிலிருந்து ஒரு பையன் குரலாகத் திரும்பி வந்தது. சரியா இருந்துச்சா, சரியா இருந்துச்சா என்று.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பதில் சொன்னால் அவனாகிவிடுவேன். செருப்பு ஏற்கெனவே பொருந்திவிட்டது, கையையும் பிடித்தாகிவிட்டது, இனி ஆயுசுக்கும் இந்தக் குழியில் உட்கார்ந்து மில்லை மிதிக்க வேண்டியதுதான். சொல்லாவிட்டால் மாமா பச்சைப் பொத்தானை அமுக்குவார். நான் எடை போட்டுப் பார்த்து முடிவெடுத்தேன் என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான். உண்மையில் அழுகைதான் என்னைக் கேட்காமல் வெளியே வந்தது.

"சரியா இருந்துச்சுக்கா" என்றேன்.

ஏணியில் இறங்கவில்லை அவர். குதித்தார். முழங்காலில் விழுந்து எழுந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பல்பு வெளிச்சம் என் முகத்தில் அடித்தது. நான் அந்த முகத்தை இன்றுவரை வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம். நீட்டிய கை அப்படியே நின்றது.

"நீயா" என்றார்.

என் உயிரைக் காப்பாற்றியவர் சொன்ன முதல் வார்த்தை அது. திட்டவில்லை, கோபமும் இல்லை. வேறு ஒருவருக்காகப் பதினோரு வருஷம் திறந்துவைத்திருந்த கதவில் நான் நுழைந்துவிட்டேன்.

சட்டைக் கையைப் பல்லால் கிழித்து என்னை விடுவித்தார். ஏணியில் ஏற்றிவிடும்போது, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"உள்ள வேற யாருனா இருந்தாங்களா?"

கால் ஒன்று கையில் பட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாழ்க்கையில் நான் அடக்கிக்கொண்ட ஒரே பேச்சு அதுதான்.

"யாரும் இல்லக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேங்க்கா. யாரும் இல்ல."

மாமா என்னை அடித்த அடியைப் பற்றித் தனியாக எழுதலாம். அடித்துவிட்டு என்னைவிட அதிகமாக அழுதவரும் அவர்தான். அக்கா அந்தச் செருப்பை முந்தானையால் உள்ளும் புறமும் துடைத்து, வரிசையில் வைத்தார். தகரத்தில் காது வைத்துவிட்டு வந்து, "ஒண்ணு மிச்சம். போடு" என்றார். தரை உதறியது.

இரண்டு நாள் கழித்து மாமா வந்து சொன்னார். "டேய் மாப்ள, அக்கா உனுக்குப் புதுசா செருப்பு வாங்கியாந்து வெச்சிருக்கு. வந்து போட்டுகினு போ."

"எங்க வெச்சிருக்காங்க?"

"வாசல்லதான். அது பக்கத்துல. அதே மாதிரி நீல வாரு." மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "இப்பல்லாம் ரெண்டு மிச்சம், போடுன்னுது."

அன்று எனக்கு நூற்று மூன்று டிகிரி ஜுரம். அந்தச் செருப்பை எடுக்க நான் போகவே இல்லை. அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். என்னையும் உள்ளே இருக்கிறவர்கள் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்பது என் கட்சி. என்னையும் பத்திரமாக வெளியே வரவேண்டியவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார் என்று புரிய எனக்குப் பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி இரண்டு ஜோடியும் மாறும் என்று மாமா சொல்வார். அளவு மட்டும் மாறாது.

என் கல்யாணத்துக்கு அக்கா வந்தார். மண்டபத்துக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றார். நான் மாலையோடு வெளியே போய்க் கும்பிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"காலு வளந்துடுச்சி" என்றார். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல இருந்தது.

மாமா ரிட்டயர் ஆன வருஷம் மில் கைமாறியது. பழைய மெஷினைப் பிரித்துக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். அக்கா பெரணமல்லூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாராம். கடைசி நாளன்று மாமா ஒரு ஜோடிச் செருப்பைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"இந்தா. உனுதாம். அக்கா குடுக்கச் சொல்லிச்சி."

"இன்னொண்ணு?"

"அத அது எடுத்துகினு போயிடுச்சி."

"மாமா, ரெண்டும் ஒரே மாதிரிதானே? இதுதான் என்னுதுன்னு எப்படித் தெரியும்?"

மாமா செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதுவரை அவர் அதை யோசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

பரணில் போட்டுவைக்கலாம் என்று பார்த்தேன். இருட்டில் அது என்ன செய்கிறது என்று தெரியாமல் படுக்க முடியாது. தூக்கிப் போடவும் துணிவில்லை. அதனால் வாசல் வரிசையிலேயே, கடைசியாக, கூரைக்கு உள்ளே வைத்திருக்கிறேன். இன்று காலையிலிருந்து ஆரணியில் நல்ல மழை. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. இரண்டு தடவையும் நான் வாசலுக்குப் போய்க் குனிந்து, அந்தச் செருப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். "காஞ்சிதான் கீது, வந்து சாப்பிடுங்க" என்று உள்ளிருந்து என் மனைவி சொன்னாள். அவள் எப்போது போய்ப் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை.